என் 8 அயர்னும் 7 அயர்னும் ஒரே இடத்தில் விழுந்த கதை

கோல்ஃப் மைதானத்தில் நிற்கிறேன். கிரீனின், அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையின், நடுவுக்கு 124 யார்டு. முன்னால் ஆழமான பங்கர், அதாவது மணல் பள்ளம், பின்னால் சரிவு, காற்றே வீசவில்லை. பையில் 13 கிளப், அதாவது பந்தடிக்கும் மட்டை, இருக்கிறது. ஆனால் அந்த 124 யார்டுக்கு எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறேன். அயர்ன் என்னும் உலோகத் தலைக் கிளப்புகளில் எண் குறையக் குறையத் தூரம் கூடும். 9 அயர்ன் எடுத்து நன்றாக அடித்தால் 115-இல் இறங்கி பங்கருக்குள் போகும். 8 அயர்ன் எடுத்து நன்றாக அடித்தால் 133-இல் இறங்கி பின்சரிவில் உருண்டுவிடும். இரண்டையும் அதே ஹோலில் பல தடவை பார்த்துவிட்டேன். அன்றைக்கு 8 அயர்னைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கலாம் என்று முடிவு செய்தேன். ஸ்விங்கின் பாதியில் மனசு மாறியது, கை தளர்ந்தது, பந்துக்கு முன்னால் தரையை வெட்டினேன். பந்து 60 யார்டு கூடப் போகவில்லை. அந்த ஹோலில் 3 அடிக்க வேண்டியவன் 6 அடித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே எண்ணம்தான்: நன்றாக அடித்தாலும் சரியாக வராத ஒரு தூரம் எப்படி இருக்க முடியும்?

இதை எழுதுவதற்கு ஒரே காரணம், அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்கு முழுதாக இரண்டு சீசன் ஆனது. அதற்குள் நான் செலவழித்த பணத்தில் இன்னொரு முழு அயர்ன் செட் வாங்கியிருக்கலாம். யாராவது ஒருவர் ஆரம்பத்திலேயே ‘முதலில் லாஃப்டை, அதாவது கிளப் முகத்தின் சாய்வை, அளந்து பார்’ என்று சொல்லியிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அயர்ன் செட்டில் ஒவ்வொரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் இரண்டு வித்தியாசங்கள் இருக்கும். ஷாஃப்ட், அதாவது தண்டு, சுமார் அரை அங்குலம் நீளும், லாஃப்ட் ஏறக்குறைய 4 டிகிரி குறையும். இவை இரண்டும் சேர்ந்துதான் ஒரு கிளப்புக்கும் அடுத்ததற்கும் 10 முதல் 12 யார்டு வரை இடைவெளியைக் கொடுக்கின்றன. வேகமாக ஸ்விங் செய்பவர்களுக்கு இது 15 வரை போகும், மெதுவாகச் செய்பவர்களுக்கு 8-க்கும் குறையும். நமக்கு எத்தனை என்பது பெரிய விஷயமில்லை. அந்த இடைவெளி ஓரளவு சீராக இருக்கிறதா என்பதுதான் விஷயம். என்னுடையதில் 9-க்கும் 8-க்கும் நடுவே 18 யார்டு, 8-க்கும் 7-க்கும் நடுவே வெறும் 5 யார்டு. ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் இரண்டு கிளப் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தன. இந்த எண்கள் எனக்குக் கடைசியில்தான் தெரிந்தன. ஆரம்பத்தில் தெரிந்ததெல்லாம், பயிற்சி மைதானத்தில் 7 அயர்னில் பத்துப் பந்தும் 8 அயர்னில் பத்துப் பந்தும் அடித்துவிட்டு நடந்து போய்ப் பார்த்தால் இருபதும் ஒரே கூட்டமாகக் கிடக்கும் என்பதுதான்.

நான் செய்த முதல் தவறு, பழியை முழுக்க என் ஸ்விங்மேல் போட்டது. ‘8 அயர்ன் நன்றாகப் படுகிறது, 7 அயர்ன்தான் சரியாகப் படவில்லை’ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கேட்கவும் நம்பும்படி இருந்தது, ஏனென்றால் கிளப் நீளமாக ஆக நன்றாக அடிப்பது கஷ்டம்தானே. பயிற்சியாளர் ஒருவரிடம் போய் ‘என் 7 அயர்ன் தூரம் போகவில்லை’ என்றேன். நான் கேட்ட கேள்விக்கு அவர் பதில் தந்தார்: பந்தை அரைப் பந்து முன்னால் வை, எடையை இடது பக்கம் மாற்று, கீழே வரும்போது அவசரப்படாதே. நான்கு மாதம், பத்து வகுப்பு. 7 அயர்ன் கொஞ்சம் முன்னேறியது. ஆனால் அதே வகுப்புகளால் 8 அயர்னும் முன்னேறியது, இரண்டும் மறுபடி ஒன்றாகவே போய் விழுந்தன. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் ஒரு கிளப்பைப் பற்றிக் கேட்டேன், ஆனால் இடைவெளி என்பது இரண்டு கிளப்புக்கு நடுவில் இருக்கும் விஷயம். இரண்டையும் சேர்த்து அவர்முன் வைத்திருந்தால் அவருக்கும் சந்தேகம் வந்திருக்கும்.

இரண்டாவது தவறுதான் பணத்தைத் தின்றது. ஷாஃப்ட் எனக்குப் பொருந்தவில்லை என்று எங்கோ கேட்டது மனசில் உட்கார்ந்துவிட்டது. செட் முழுவதற்கும் எடை குறைந்த ஸ்டீல் ஷாஃப்டும் புது கிரிப்பும் போட்டேன். பழைய செட்டாக வாங்கிய அயர்னுக்கு நான் கொடுத்த விலையில் பாதிக்கு மேல் இதற்கே போனது. வேலை சுத்தமாகத்தான் செய்து தந்தார்கள். முதல் நாள் எல்லா கிளப்பும் இரண்டு மூன்று யார்டு கூடுதலாகப் போனபோது அவ்வளவு சந்தோஷம். ஒரு வாரம் கழித்து அதே ஹோலில், அதே பங்கர்முன் நின்றபோதுதான் உறைத்தது: எல்லாமே சேர்ந்து நகர்ந்திருக்கிறது. 18 யார்டு பள்ளம் அப்படியே 18 யார்டாக நிற்கிறது. ஷாஃப்டை மொத்தமாக மாற்றினால் மொத்த வரிசையும் முன்னே பின்னே நகரும், வரிசைக்குள் இருக்கும் கோணல் அப்படியே இருக்கும். இந்த ஒரு வரியை அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். ஷாஃப்ட் மாற்றிய இடத்தில் லாஃப்ட் அளக்கும் கருவி இருந்தது, என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் ஷாஃப்ட் மாற்றச் சொன்னேன், மாற்றித் தந்தார்கள். கிளப்பை எந்தப் பட்டறையில் கொடுத்தாலும், என்ன வேலைக்குக் கொடுத்தாலும், ‘லாஃப்டையும் லையையும் அளந்து எழுதிக் கொடுங்கள்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள் (லை என்பது தண்டுக்கும் தரைக்கும் நடுவே உள்ள கோணம்). ஐந்து பத்து நிமிட வேலை அது.

மூன்றாவது தவறு, தப்பான இடத்தில் அளந்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பயிற்சி மைதானமான ரேஞ்சுக்குப் போய், கொடிகளைப் பார்த்து ‘இது 130, இது 140’ என்று இரண்டு மாதம் எழுதினேன். இந்த அட்டவணையை நம்பித்தான் போட்டிகளில் கிளப் தேர்ந்தெடுத்தேன். அதில் மூன்று ஓட்டைகள். ஒன்று, ரேஞ்ச் பந்து நாம் மைதானத்தில் ஆடும் பந்து கிடையாது. தேய்ந்தது, வெட்டுப்பட்டது, வேண்டுமென்றே குறைந்த தூரம் பறக்கும்படி செய்தது என்று எல்லாம் ஒரே கூடையில் கலந்திருக்கும். ஒரே ஸ்விங்குக்கு அடுத்தடுத்த இரண்டு பந்து பத்து யார்டு வித்தியாசத்தில் விழலாம். இரண்டு, அங்கே புல்லுக்குப் பதில் போட்டிருக்கும் மேட் விரிப்பு. புல்லில் பந்துக்கு ஒரு அங்குலம் முன்னால் தரையைத் தொட்டால் அந்த அடி அங்கேயே செத்துவிடும். விரிப்பில் கிளப் வழுக்கிப் போய்ப் பந்தில் படும், பார்ப்பதற்கு நல்ல அடி மாதிரியே இருக்கும். மூன்று, நான் பந்து போய் நின்ற இடத்தைத்தான் பார்த்தேன், அது இறங்கிய இடத்தை அல்ல. பங்கரையும் தண்ணீரையும் தாண்டுவதற்கு உதவுவது பந்து காற்றில் போகும் தூரம், அதாவது கேரி. உருண்டு போகும் தூரம் தரையின் ஈரத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். அதை அட்டவணையில் சேர்த்தால் அட்டவணையே பொய்.

விஷயம் பிடிபட்டது மைதானத்தில் இல்லை, வீட்டில். ஒரு ராத்திரி கிளப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 9, 8, 7 மூன்றையும் தரை டைல்ஸின் கோட்டில் வரிசையாக நிறுத்தி, மூன்றின் முன்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கும்படி வைத்து, தரையோடு தரையாகக் குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். எதையும் தேடவில்லை, கோடுகளில் அழுக்கு இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். 9-இன் முகம் நன்றாகப் பின்னால் சாய்ந்திருந்தது. 8-இன் முகம் அதற்கும் 7-க்கும் நடுவில் அல்லவா இருக்க வேண்டும்? அது கிட்டத்தட்ட 7-ஐ ஒட்டிக்கொண்டு நின்றது. விளக்கை மாற்றி வைத்துப் பார்த்தேன், இடம் மாற்றி நிறுத்திப் பார்த்தேன். 7-க்கும் 8-க்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம், 8-க்கும் 9-க்கும் நடுவே விரல் நுழையும் அளவு வெளிச்சம். அந்த நிமிஷம் எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் கண் கலங்கியது. ‘நான் அவ்வளவு மோசமான ஆட்டக்காரன் இல்லையோ’ என்று இரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தோன்றியது.

கண்ணால் பார்த்தது சந்தேகத்துக்குப் போதும், முடிவுக்குப் போதாது. கிளப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எல்லா அயர்னையும் எடுத்துப் போனேன். அவர் ஒவ்வொன்றாகக் கருவியில் இறுக்கி, முகத்தைக் கோட்டுக்குச் சரிசெய்து, முள் காட்டுவதைப் படித்து ஒரு ஸ்கோர் அட்டையின் பின்பக்கம் எழுதினார். பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார், “தம்பி, இதைக் கடைசியா யாரு வளைச்சது?” நான் விழித்தேன். “பழைய செட்டா வாங்கினேன் ஐயா, எனக்குத் தெரியாது” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அட்டையை என் பக்கம் திருப்பினார். அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் அளவு 9-க்கு 42 டிகிரி, 8-க்கு 38, 7-க்கு 34. என் 9-இல் 43 இருந்தது, 8-இல் 36.5, 7-இல் 34.5. அதாவது 9-க்கும் 8-க்கும் நடுவே 4 இருக்க வேண்டிய இடத்தில் 6.5 டிகிரி, 8-க்கும் 7-க்கும் நடுவே 2 டிகிரி. என் வேகத்தில் ஒரு டிகிரிக்கு இரண்டு முதல் மூன்று யார்டு என்று கணக்குப் போட்டால் என் 18-உம் 5-உம் அப்படியே கண்முன் வந்து நின்றன. 6 அயர்ன் ஒரு டிகிரி அதிகம், பிட்சிங் வெட்ஜ், அதாவது 9-ஐவிடச் சாய்வு அதிகமுள்ள, கிட்டத் தூரத்துக்கான கிளப், அரை டிகிரி அதிகம். 5-உம் 4-உம் மட்டும் சரியாக இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது, எந்த ஒரு கிளப்பும் தனியாகப் பார்த்தால் பெரிய தப்பு இல்லை. மிக அதிகமான பிழை ஒன்றரை டிகிரிதான். புதுக் கிளப்பிலேயே சொன்ன அளவுக்கு ஒரு டிகிரி முன்னே பின்னே இருப்பது சகஜம். ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கிளப் இரண்டும் எதிரெதிர் திசையில் தவறினால் பிழைகள் கூடிவிடுகின்றன. ஒன்று ஒரு டிகிரி மேலே, அடுத்தது ஒரு டிகிரி கீழே என்றால் 4 டிகிரி இடைவெளி 6 ஆகும், இல்லையென்றால் 2 ஆகும். அதனால் புது செட் வாங்கினாலும் ஒரு முறை அளந்துவிடுங்கள். பழைய செட் என்றால் கட்டாயம். அப்புறம், கார்பன் ஸ்டீலில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு அயர்ன் மென்மையானது. கடினமான மேட் விரிப்பில் நிறைய அடித்தாலே நாளடைவில் அரை டிகிரி, ஒரு டிகிரி நகர்ந்துவிடும். மென்மையாக இருப்பதால் அதைத் திருப்பி வளைப்பதும் சுலபம். வார்ப்பில் செய்த கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அயர்ன் அவ்வளவு எளிதில் வளையாது, அதிகம் வளைத்தால் கழுத்தில் விரிசல் விடலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு, பழக்கமுள்ள கையிடம் மட்டும் கொடுங்கள். எந்த வகையானாலும் இரண்டு டிகிரிக்கு மேல் வளைக்கச் சொல்லாதீர்கள். லாஃப்டைக் குறைத்தால் அதே அளவுக்குக் கிளப்பின் அடிப்பக்கச் சாய்வான பவுன்ஸும் குறையும், கிளப் தரையில் குத்திக்கொள்ள ஆரம்பிக்கும். வெட்ஜுகளில் இது உடனே தெரியும்.

பெரியவர் அரை மணி நேரத்தில் ஐந்து கிளப்பையும் சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தார். வாங்கிய கூலி, நான் ஷாஃப்டுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையிலேயே வராது. அடுத்த வாரம் பந்து பறப்பதை அளக்கும் லான்ச் மானிட்டர் கருவி ஒன்றை இரண்டு மணி நேரம் வாடகைக்கு எடுத்து முறையாக அளந்தேன். வளைப்பதற்கு முன்னாலும் இதே முறையில் ஒரு தடவை அளந்து வைத்திருந்தேன், மேலே சொன்ன யார்டு கணக்கெல்லாம் அதில் வந்ததுதான். வளைத்த பிறகு: பிட்சிங் வெட்ஜ் 107, 9 அயர்ன் 118, 8 அயர்ன் 129, 7 அயர்ன் 139, 6 அயர்ன் 149. பத்து பத்தாக, பதினொன்று பதினொன்றாகப் படிக்கட்டு மாதிரி. அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் பலர் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். மைதானத்தில் எந்தப் பந்தில் ஆடுவீர்களோ அதே பந்தைக் கொண்டுபோங்கள். முடிந்தால் புல்லில், காற்று அடங்கிய நேரத்தில் அளங்கள். கிளப் ஒன்றுக்குப் பன்னிரண்டு அடியாவது வேண்டும். ஆனால் பன்னிரண்டையும் தொடர்ந்து அடிக்காதீர்கள். வெட்ஜில் தொடங்கி வரிசையாக 4 அயர்ன் வரை போனால், நீளமான கிளப்புக்கு வரும்போது உடம்பு சோர்ந்திருக்கும், அந்த இடைவெளி குறைந்து காட்டும். 7-இல் நான்கு, வெட்ஜில் நான்கு, 5-இல் நான்கு என்று கலந்து கலந்து மூன்று சுற்று போங்கள். கிளப் முகத்தில் அழியும் மார்க்கரால் பூசிக்கொண்டால் பந்து எங்கே பட்டது என்று தெரியும். குதிகால் பக்கமோ நுனியோ பட்டு வேகம் குறைந்த அடிகளைத் தனியாக வையுங்கள். பிறகு மிச்சத்தில் நடுவில் வரும் எண்ணை எடுங்கள். தயவுசெய்து மிகத் தூரம் போன ஒன்றை எடுக்காதீர்கள். நான் ரொம்ப நாள் அதைத்தான் ‘என் தூரம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தில் ஒரு தடவை வரும் அடியை நம்பி மற்ற ஒன்பது தடவையும் பந்தைப் பங்கருக்குள் போட்டேன். கூடாரத்துக்குள் வலைமீது அடித்து அளப்பதென்றால், கருவி பந்தைச் சில அடி தூரம் மட்டுமே பார்த்துவிட்டு மீதியைக் கணக்காகப் போடுகிறது. வேகமும் ஏறும் கோணமும் பந்தின் சுழற்சியான ஸ்பின்னும் சரியாகக் கிடைத்தால்தான் அந்தக் கணக்கு சரியாக வரும். அதனால் ஸ்பின் நிஜமாக அளக்கப்படுகிறதா, ஊகிக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 118, 129 எல்லாம் நடு எண்கள். என் 8 அயர்ன் ஒவ்வொரு தடவையும் 129 போவதில்லை, 122-க்கும் 134-க்கும் நடுவே எங்காவது விழுகிறது. 9 அயர்ன் 112 முதல் 122 வரை. ஆக ஓரத்தில் இரண்டும் உரசிக்கொள்ளத்தான் செய்கின்றன. லாஃப்டைச் சரிசெய்ததால் இந்தச் சிதறல் குறையவில்லை, குறையவும் குறையாது. அது நான் பந்தை முகத்தின் எந்த இடத்தில் அடிக்கிறேன், அடிக்கும்போது கை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கை முன்னால் போனால் கிளப்பில் 38 டிகிரி இருந்தாலும் பந்தைத் தொடும் நேரத்தில் அது 30-க்குக் கீழே கூடப் போகும். ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் இந்தக் கோணம் மாறினால் தூரமும் மாறும். இதைச் சரிசெய்யத்தான் பயிற்சியாளர் வேண்டும். இப்போது அதே பயிற்சியாளரிடம் மறுபடி போகிறேன், இந்த முறை கையில் எண்களோடு. மூன்றே வகுப்பில் முன்னால் பத்து வகுப்பில் கிடைக்காதது கிடைத்தது. கிளப் சரியாக இருப்பதால், மாற்றம் வந்தால் அது என்னால் வந்தது என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரிகிறது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. 5 அயர்ன் 151, 4 அயர்ன் 152. இரண்டின் லாஃப்டும் துல்லியமாகச் சரி, 27, 24. அப்படியும் 6 அயர்னோடு ஒப்பிட்டால் இரண்டு மூன்று யார்டுதான் கூடுதல். மறுபடி பெரியவரிடம் ஓடினேன். அவர் திரையில் இருந்த வேறு ஒரு எண்ணைக் காட்டினார்: பந்து ஏறிய உயரம். 6 அயர்ன் 24 யார்டு உயரம் போயிருந்தது, 4 அயர்ன் 15 யார்டுதான். லாஃப்ட் குறைந்த கிளப்பில் பந்து மேலே ஏறிப் பறக்க வேண்டுமென்றால் வேகம் வேண்டும். என் வேகத்தில் பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றில் நிற்க நேரமில்லாமல் இறங்கிவிடுகிறது. இறங்கும் கோணமும் தட்டையாக இருப்பதால் கிரீனில் விழுந்தாலும் நிற்பதில்லை. “இதை வளைச்சு ஒண்ணும் ஆகாது தம்பி, கிளப்பையே மாத்தணும்” என்றார். மனசு கேட்கவில்லை. 4 அயர்ன் அடிப்பது ஒரு கௌரவம் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, இரண்டையும் எடுத்துவிட்டு ஒரு ஹைப்ரிட் வாங்கினேன், அது அயர்னுக்கும் பருத்த தலையுள்ள வுட் கிளப்புக்கும் நடுவான ஒன்று. எடை கீழேயும் பின்னாலேயும் இருப்பதால் அது அதே லாஃப்டில் பந்தை உயரமாகத் தூக்குகிறது. கேரி 159. 5 வுட்டை மாற்றி 7 வுட் வைத்தேன், அது 170. படிக்கட்டு மேலேயும் நீண்டது. ஹைப்ரிட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: அதன்மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ‘5-க்குப் பதில் 5’ என்று வாங்காதீர்கள். ஷாஃப்ட் நீளமாக இருப்பதால் அதே எண்ணுள்ள அயர்னைவிட ஹைப்ரிட் பொதுவாக அதிகத் தூரம் போகும். உங்கள் மிக நீளமான அயர்ன், அதாவது நம்பி அடிக்கும் கடைசி அயர்ன், எத்தனை போகிறது என்று பார்த்து, அதிலிருந்து 10 அல்லது 12 யார்டு மேலே போகும் ஹைப்ரிட் எது என்று அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

கீழ்முனையிலும் ஒரு பள்ளம். பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி, 107 யார்டு. அடுத்தது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், 78 யார்டு. நடுவே 29 யார்டு வெற்றிடம். இது கிளப்பின் பிழையும் இல்லை, என் பிழையும் இல்லை, வாங்கும்போது யோசிக்காததுதான். இப்போது வரும் பல செட்டுகளில் பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டது, அதனால் இந்தப் பள்ளம் இன்னும் பெரிதாக இருக்கும். 51 டிகிரி வெட்ஜ் ஒன்று வாங்கியதும் 93 யார்டு கிடைத்தது, பிரச்சினை தீர்ந்தது. விதிப்படி பையில் 14 கிளப் வரை வைக்கலாம். தூரத்தில் அடிக்கிற, வருஷத்தில் நான்கு தடவை எடுக்கிற கிளப்பைவிட இந்த இடத்தில் ஒன்று இருப்பது எனக்கு எத்தனையோ ஸ்ட்ரோக்கை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கிளப்பின் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்கு எந்த விதியும் கிடையாது. ஒரு மாடலில் 7 அயர்ன் 34 டிகிரி, இன்னொரு மாடலில் 28 டிகிரி. கூட ஆடுகிறவர் ‘நான் 7 அயர்னில் 160’ என்று சொன்னால் அவர் கையில் இருப்பது என் செட்டின் 6-க்கும் 5-க்கும் நடுவே இருக்கும் ஒரு கிளப்பாக இருக்கலாம். அதைக் கேட்டு வேகமாக அடிக்க முயன்று முதுகைப் பிடித்துக்கொண்ட நாட்கள் எனக்கு உண்டு. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ பல வருஷம் தன் அயர்ன் எல்லாவற்றையும் ஒரே நீளத்தில் வைத்து ஆடியவர். அவருக்குத் தூர வித்தியாசம் பெரும்பாலும் லாஃப்டிலிருந்தே வர வேண்டியிருந்தது. அதைப் படித்தபோதுதான் லாஃப்ட் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்று எனக்கு உறைத்தது. அதே போல, ரெண்டு மூன்று தடவை அடித்துப் பார்த்ததை வைத்து அட்டவணையைத் திருத்தாதீர்கள். குளிர்ந்த காலையில் எல்லாமே குறையும். நீண்ட புல்லில் இருந்து அடித்தால் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் மாட்டி, ஸ்பின் குறைந்து, எதிர்பாராமல் பத்து யார்டு கூடுதலாகப் பறக்கலாம். அது கிளப்பின் கதை இல்லை.

இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை, சீசன் தொடங்குவதற்கு முன்னால், செட்டைப் பெரியவரிடம் கொண்டுபோகிறேன். அந்தப் பழைய ஸ்கோர் அட்டையை பத்திரமாக வைத்திருக்கிறேன், ஒவ்வொரு வருஷ அளவும் அதிலேயே அடுத்த பத்தியில் ஏறுகிறது. போன முறை நான் அதிகம் பயிற்சி செய்யும் 8 அயர்ன் மட்டும் முக்கால் டிகிரி நகர்ந்திருந்தது. இரண்டு நிமிடத்தில் சரியானது.

அந்த 124 யார்டு ஹோல் இன்னமும் எளிதில்லை. 118-க்கும் 129-க்கும் கிட்டத்தட்ட நடுவில்தான் அது இருக்கிறது. ஆனால் இப்போது 8 அயர்னை ஒரு அங்குலம் கீழே பிடித்து, முழு ஸ்விங்கையே அடிக்கிறேன். ஒரு அங்குலத்துக்கு எனக்கு ஐந்து யார்டு குறைகிறது, அதையும் அளந்து அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பந்து பங்கரின் மேல்விளிம்பைத் தாண்டி இரண்டு எட்டு தள்ளி இறங்கி, ஒரே ஒரு துள்ளலில் நின்றது.